லோக்கல் கார்டியன்

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்த வரிசையில் தமிழ்க் குடும்பங்கள் ஆறேழு இருந்தன. அநேகமாக ஒவ்வொரு வீடும் ஊரிலிருந்து படிக்க வந்த யாராவது ஒரு பெண்ணுக்கு லோக்கல் கார்டியன். தில்லியில் பெண்கள் விடுதியில் சேர வேண்டுமானால் உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு அந்தப் பெண் ஓர் இரவு வெளியே தங்கினாலும், காய்ச்சலில் படுத்தாலும், திடீரென்று ஊருக்குக் கிளம்பினாலும் விடுதி அவரைத்தான் அழைக்கும். கல்யாணம் ஆனவர், அரசாங்க வேலை, வீட்டில் போன். இந்த மூன்றும் இருந்தால் ஊர்க்காரர்கள் தேடி வந்துவிடுவார்கள். "ஒரு கையெழுத்துதானே" என்பார்கள்.

எங்களைத் தேடி வந்தவர் என் கணவருடைய ஊர்க்காரர். கோவில்பட்டிக்குப் பக்கம். மின்வாரியத்தில் ஃபோர்மேன். மகளுக்கு முனிர்காவை ஒட்டியிருந்த பல்கலைக்கழகத்தில் மொழியியல் எம்.ஏ. இடம் கிடைத்திருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அந்த ஒரு முறைதான் அவர் தில்லிக்கு வந்தார். சேர்க்கும் நாளில் மட்டும் ஆண்களை விடுதி அறைக்குள் சற்று நேரம் அனுமதிப்பார்கள். நான் கட்டிலையும் ஜன்னல் கம்பியையும் பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ப்ளக் பாயின்ட்டில் வைத்துப் பார்த்தார். கீழே இறங்கியதும் வார்டனிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "மேடம், எர்த் நாட் ப்ராப்பர்."

வார்டன் பஞ்சாபிப் பெண்மணி. என்ன சொல்கிறார் என்று என்னைப் பார்த்தார். ஹீட்டர் போட்டால் ஷாக் அடிக்கும் என்கிறார் என்று இந்தியில் விளக்கினேன். எலக்ட்ரீஷியனை அனுப்புவதாகச் சொன்னார். ஃபோர்மேன் மகளிடம் திரும்பி, "அவுக அனுப்புத வரைக்கும் செருப்புப் போட்டுக்கிட்டு அயர்ன் பண்ணு" என்றார். என்னிடம் தனியாக எதுவும் சொல்லவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

நான் அப்போது ஓர் ஆங்கில நாளிதழில் சப் எடிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு விடுமுறை. அந்தப் பெண் அன்றைக்குப் பஸ் பிடித்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள். என்னை அக்கா என்றும் என் கணவரை அண்ணாச்சி என்றும் கூப்பிடுவாள். அவருக்கு அவளைச் சீண்டாமல் சாப்பாடு இறங்காது.

"ஏளா, இத்தனை தூரம் வந்து என்னத்தைத்தான் ஆராய்ச்சி பண்ணுத?"

"மனுசங்க பேசுததை. உங்களையே ஒரு சாப்டரா எழுதலாம் அண்ணாச்சி. போன வாரம் என்ன சொன்னீங்க? 'சப்ஜி நல்லாருக்கு, தோடா உப்பு கம்மி.' இதுல தமிழ் எத்தனை, இந்தி எத்தனை?"

"உப்பு எத்தனைன்னு உங்கக்காகிட்ட கேளு."

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதோ இரவு அனுமதிச் சீட்டில் நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் அந்தச் சொல்லைப் பற்றிச் சொன்னாள்.

"அக்கா, கார்டியனும் வார்டனும் ஒரே சொல்லு, தெரியுமா?"

ஜெர்மானிய மொழிகளில் ஒரு பழைய வேர்ச்சொல். விழிப்பாகப் பார்ப்பது, கவனித்துக்கொண்டிருப்பது என்று பொருள். அந்த மொழி பேசிய ஒரு கூட்டம் பிரான்சுக்குள் போனது. அங்கே இருந்தவர்களுக்குச் சொல்லின் தொடக்கத்தில் 'வ' சரியாக வரவில்லை. முன்னால் ஒரு 'க' சேர்த்துக்கொண்டார்கள். பிரான்சின் வடக்குக் கோடியில் மட்டும் 'வ' அப்படியே நின்றது. பிறகு பிரெஞ்சு பேசிய பிரபுக்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது இரண்டு வடிவங்களும் கடல் தாண்டின. ஒன்று வார்டன் ஆனது, மற்றொன்று கார்டியன் ஆனது. இதை அவள் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"அப்போ நானும் அந்தப் பஞ்சாபி அம்மாவும் ஒண்ணா?"

"அவங்க வடக்கத்திப் பிரெஞ்சு. நீங்க பாரிஸ் பக்கம்."

"இவ மாம்பலம் பக்கம்" என்றார் என் கணவர்.

"இன்னும் இருக்கு. லெட்டர் கடைசியில ரிகார்ட்ஸ்னு போடுதோமே அது, அவேர், எல்லாம் இதே குடும்பம்தான். அடிப்படையில காக்கிறதுன்னா பார்க்கிறது. பார்த்துத் தெரிஞ்சு வச்சுக்கிறது. வேலி போடுததெல்லாம் அப்புறம் வந்த அர்த்தம்."

யார் சொன்னதையும் சரிபார்க்காமல் விடுவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. மறுநாள் அலுவலக நூலகத்தில் பெரிய அகராதியை இறக்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. தமிழில் அதே இடத்தில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். காத்தல். அதோடு 'இரு' சேர்ந்தால் காத்திருத்தல். ஆங்கிலக்காரனுக்குக் காவல் என்பது பார்ப்பதிலிருந்து வந்தது. நமக்கோ காவலும் காத்திருப்பும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அதற்கு மேல் அப்போது யோசிக்கவில்லை. பதிப்பு முடிக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் ஆண்டில், ஒரு புதன்கிழமை முற்பகல், வீட்டுக்கு போன் வந்தது. அவளுடைய சித்தப்பா.

"மதினி, அண்ணனுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. பிள்ளையை உடனே கிளப்பி விடுங்க."

"இப்போ எப்படி இருக்கார்?"

"டாக்டர் பார்த்துக்கிட்டிருக்காக. பேசுதாரு. நீங்க பிள்ளையைக் கிளப்பி விடுங்க."

இணைப்பு அறுந்தது.

தில்லியில் இருக்கும் தமிழர் எவருக்கும் இந்த போன் தெரியும். ஊர் போய்ச் சேர இரண்டு இரவு ஆகும். அத்தனை நேரம் தனியாகப் பயணம் செய்ய வேண்டியவரிடம் யாரும் சாவைச் சொல்ல மாட்டார்கள். முடியவில்லை என்பார்கள், பார்க்க ஆசைப்படுகிறார் என்பார்கள். வந்து இறங்கியதும், ஸ்டேஷனில் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வரிசையில் நான்கு வீட்டுக்கு அப்படித்தான் செய்தி வந்திருந்தது. இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. வழியில் இருப்பவரைக் காப்பாற்றும் முறை அது. எல்லோருக்கும் அது தெரிந்திருந்ததுதான் சிக்கல்.

என் கணவருக்கு அவருடைய அலுவலகத்தில் போன் செய்தேன். 

"போயிட்டார்னு நினைக்கிறேன்."

"பேசுறார்னு சொன்னாரே."

"எங்கப்பா போனப்போ, காபி குடிச்சார்னே சொன்னாங்க."

எங்கள் செய்தி மேஜையில் ஒரு விதி உண்டு. மருத்துவரோ போலீஸோ சொல்லும்வரை இறந்தார் என்று எழுதக் கூடாது. சித்தப்பா முன்பு எங்களிடம் கொடுத்திருந்த எண்ணுக்கு மீண்டும் மீண்டும் முயன்றேன். மணி அடித்தது. எடுக்க ஆளில்லை. ஆட்டோ பிடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன்.

வகுப்பிலிருந்து அழைத்து வந்தார்கள். மரத்தடியில் நின்றுகொண்டு, சித்தப்பா சொன்னதைச் சொல் மாறாமல் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற என்ன சொன்னாங்க?"

"டாக்டர் பார்க்கிறார். பேசறார்னு சொன்னார்."

"ம்."

அறைக்குப் போய்த் துணிகளை மடித்து வைத்தாள். கொடியில் காய்ந்த துண்டை எடுத்தாள். எடுத்த புத்தகத்தைத் திரும்ப வைத்தாள். அழவில்லை. மாலையில் சென்னைக்கு ஒரு விமானம் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் பயண ஏற்பாடுகளைக் கவனிப்பவர் ஓர் இடம் வாங்கித் தர முடியும் என்று சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன்.

"வேண்டாம்க்கா."

"ஃப்ளைட்னா நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஊர்ல இருக்கலாம்."

"இருந்து?"

அவளே தொடர்ந்தாள். "ரயில்ல போறேன். ரெண்டு நாள் யாரும் என்கிட்ட ஒண்ணும் கேட்க மாட்டாங்க. அங்க போயிட்டா அது கிடைக்காது."

"இன்னொரு தடவை போன் பண்ணிப் பார்க்கிறேன்."

"வேண்டாம். நீங்க கேட்டா அவங்க மறுபடியும் சொல்லணும். பாவம் சித்தப்பா. அவருக்குப் பொய் சொல்லவே வராது."

இருவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும் என்று இருவரும் எண்ணிக்கொண்டோம். வார்டன் வெளியேறும் சீட்டை நீட்டினார். கார்டியன் என்று அச்சிட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எங்கள் ரயில்வே நிருபர் எமர்ஜென்சி கோட்டாவில் ஒரு படுக்கை வாங்கித் தந்தார். மாலை வண்டியில் அவளை ஏற்றிவிட்டோம். என் கணவர் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தார். வண்டி நகர்ந்தபோது அவள் கையசைக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி போனாள்.

வியாழக்கிழமை காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் சித்தப்பா.

"வண்டி ஏறிட்டாளா மதினி? அண்ணன் கேட்டுக்கிட்டே இருக்காரு."

அப்போதுதான் நேராகக் கேட்டேன். "அவர் உயிரோட இருக்காரா?"

"என்ன மதினி, காலங்காத்தால இப்படிக் கேக்கீங்க? கஞ்சி வேண்டாம், இட்லி வேணும்னு நர்ஸம்மாகிட்டச் சண்டை போடுதாரு" என்றார்.

இதை யாரும் சமாதானத்துக்காகச் சொல்ல மாட்டார்கள். நர்ஸோடு சண்டை என்பது கட்டிச் சொல்லக்கூடிய விவரம் இல்லை. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. அவள் அந்நேரம் மத்தியப் பிரதேசத்தில் எங்கோ போய்க்கொண்டிருந்தாள். செல்போன் இல்லாத காலம்.

என் கணவர், "விடு, போய்த் தெரிஞ்சுக்கட்டும். உயிரோட இருக்கார்னா நல்லதுதானே" என்றார். நான் கேட்கவில்லை. நாக்பூரில் எங்கள் பத்திரிகைக்கு ஒரு பகுதிநேர நிருபர் இருந்தார், மராட்டிக்காரர். முதல் பக்கச் செய்திக்குக்கூட நான் அவரை அவ்வளவு அவசரமாக அழைத்ததில்லை. பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் கொடுத்து, வண்டி நாக்பூரில் நிற்கும்போது அவளைப் பார்த்து ஒரே ஒரு செய்தி சொல்லுங்கள் என்றேன். அப்பா உயிரோடு இருக்கிறார், பேசுகிறார், உன்னைக் கேட்கிறார்.

மத்தியானம் அவர் அலுவலகத்துக்கு போன் செய்தார். கண்டுபிடித்துவிட்டாராம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாளாம். சொன்னதை இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்லியிருக்கிறார்.

"என்ன சொன்னாள்?"

"தாங்க்யூ என்றாள். அவ்வளவுதான்."

"அழுதாளா?"

"இல்லை. எனக்குத்தான் உட்கார இடம் கொடுத்தாள்."

எனக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது. அன்றைக்கு ஏதோ ஒரு மாநிலத்து வெள்ளச் செய்தியைச் சுருக்கினேன். இறந்தவர்களைவிடக் காணாமல் போனவர்கள் அதிகம். காணாமல் போனவர்களை இறந்தவர்களோடு சேர்க்காமல் எழுதிக் கொடுத்தேன்.

ஃபோர்மேன் அன்று இரவு இறந்தார். வெள்ளிக்கிழமை காலை சித்தப்பா அழைத்தார். இந்த முறை நேராகவே சொன்னார். நான் எங்கும் பயணம் செய்ய வேண்டியவள் இல்லை. மகள் வரும்வரை எடுக்க மாட்டோம், ஐஸ் வாங்கி வைத்திருக்கிறோம் என்றார். அவள் அன்று இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தாள்.

பதினாறு முடிந்து அவள் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரவில்லை. நான் விடுதிக்குப் போனேன். புல்வெளியில் பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்தோம். குளிர் ஆரம்பித்திருந்தது. அவள் மெலிந்திருந்தாள் என்று சொல்ல முடியாது. அப்படியே இருந்தாள்.

"நாக்பூர்ல ஒருத்தர் வந்தாரே" என்றேன்.

"வந்தாரு."

"சொன்னாரா?"

"சொன்னாரு. நான் நம்பலைக்கா." விரலால் பெஞ்சின் பெயின்டைச் சுரண்டினாள். "அதுவரைக்கும்கூட எங்கயோ கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சு. அவரு வந்ததும் அது போயிருச்சு. உயிரோட இருக்கிறவரைப் பத்தி யாராவது ரயில்ல ஆளனுப்பி உயிரோட இருக்காருன்னு சொல்வாங்களா? உங்களுக்குத்தான் மனசு கேட்காம அனுப்பியிருக்கீங்கன்னு நினைச்சேன்."

சுரண்டிய பெயின்ட் துகள்களைப் புல்லில் தட்டிவிட்டாள்.

"ஊர்ல இறங்கினப்ப நேத்து ராத்திரிதான் போனாருன்னு சொன்னாங்க. எல்லாரும் என்னைப் பிடிச்சு அவரு மேல சாய்ச்சாங்க. அழுன்னாங்க. எனக்கு வரலைக்கா. ஜான்சிக்கும் நாக்பூருக்கும் நடுவுலயே அழுது முடிச்சிருந்தேன். மேல் பெர்த்துல படுத்துக்கிட்டு, யாருக்கும் தெரியாம. அப்ப அவரு இட்லிக்குச் சண்டை போட்டுக்கிட்டிருந்திருக்காரு."

"அம்மாகிட்ட இதைச் சொன்னியா?"

"அம்மா என்கிட்ட பேசலை. கிளம்பும்போதுகூட அடுப்படியை விட்டு வரலை."

"இங்க வந்து போன் பண்ணினியா?"

"இல்லை."

அன்று மாலை வீட்டிலிருந்து நான் அழைத்தேன். அவர்கள் வீட்டில் போன் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் போய் அம்மாவைக் கூட்டி வந்தார். எனக்கு அவரை முன்பின் பழக்கமில்லை. குரல் கரகரப்பாக இருந்தது.

"சொல்லுங்க தங்கச்சி."

நான் செய்தி வாசிப்பது போலச் சொன்னேன். போன் வந்தபோது அவர் போய்விட்டார் என்றே நாங்கள் மூவரும் நினைத்தது. விமானம் வேண்டாம் என்று அவள் சொன்னது. ரயிலில் அழுதது. நாக்பூரில் சொன்னதை நம்பாதது. இடையில் இணைப்பு இருக்கிறதா என்று அந்த அம்மாவிடம் ஒரு முறை கேட்க வேண்டியிருந்தது.

"இருக்கேன்" என்றார். பிறகு, "ஊருல சொல்லுதாக, தில்லிக்குப் போயி கல்லாயிட்டான்னு. நானும் அப்படித்தான் நினைச்சேன். பெத்த தகப்பன் மேல ஒரு சொட்டுத் தண்ணி விடலையே."

"அவளுக்கு மிச்சமில்லை அக்கா."

அவர் சொன்னார்:

"எங்க வீட்டுக்காரவுக இதை அப்பவே சொன்னாக. வியாழக்கிழமை சாயங்காலம். கொழுந்தனைக் கூப்பிட்டு, 'போன்ல என்னடே சொன்ன? அவ நான் செத்துட்டேன்னு நினைச்சிருப்பா'ன்னாக. நாங்க எல்லாரும், இல்ல, நல்லாருக்காருன்னு தெளிவாச் சொல்லியிருக்குன்னோம். 'தெளிவாச் சொன்னியா? அப்ப நிச்சயமா நம்பியிருக்க மாட்டா'ன்னாக."

"இதை அவகிட்ட சொன்னீங்களா?"

"இதைப் போயி எப்படிச் சொல்ல? அவ தாங்குவாளா?" குரலைத் தாழ்த்தி, "அவகிட்ட சொல்லிராதீங்க தங்கச்சி. நீங்கதானே அங்க அவளுக்கு எல்லாம்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போய் அதை அவளிடம் சொன்னேன். அம்மா சொன்ன வரிசையில், அவர் வாயில் வந்த சொற்களில். சொல்ல வேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொண்டதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் புல்வெளிப் பக்கம் திரும்பினாள். யாரோ கம்பளியை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சிரிச்சுக்கிட்டுச் சொன்னாரா, கோவமாவா?"

"நான் கேட்கலை."

"அப்பா அந்த மாதிரி ஒண்ணைச் சிரிச்சுக்கிட்டும் சொல்லுவாரு. கோவத்துலயும் சொல்லுவாரு. அதே வார்த்தைதான் இருக்கும்."

"எனக்குத் தெரியாதும்மா. அங்க இருந்தது உங்கம்மாதான்."

எழுந்து அறைக்குப் போனாள். வரமாட்டாள் என்று நினைத்தேன். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கையில் பர்ஸோடு இறங்கி வந்தாள். வாசலுக்கு எதிரே ஒரு எஸ்.டி.டி. பூத். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் வரிசை நீளம். கேரளத்துப் பெண்கள், மணிப்பூர்ப் பெண்கள், எல்லோரும் ஊருக்குப் பேசக் காத்திருந்தார்கள். அவளோடு நானும் நின்றேன். அவள் முறை வந்ததும் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நம்பர் சுற்றினாள். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்திருக்க வேண்டும், ஏதோ சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். பிறகு அம்மா வந்து பேசியிருக்க வேண்டும், அவள் தலை ஒரு முறை நிமிர்ந்தது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. காதில் ரிசீவரை அழுத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் நின்ற பெண் கண்ணாடியில் தட்டப் போனாள். இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், அவள் தன் அம்மாவோடு பேசுகிறாள் என்று அவளிடம் இந்தியில் சொன்னேன்.